கோடிக்கணக்கான மக்களில் கடவுளுக்கு என்னைத் தனியாகத் தெரியுமா?

ஓசூரில் ஷிப்ட் வேலை, ஞாயிறு ஆராதனைக்குக்கூடப் போக முடிவதில்லை, இப்படிப்பட்ட என்னைக் கடவுளுக்குத் தெரியுமா, விசுவாசத்தில் எப்படி வளர்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தெரியும். ஆராதனைக்கு வருகிறவர்களை மட்டுமல்ல, வர முடியாதவர்களையும் அவர் அறிந்திருக்கிறார். தாயின் கருவிலேயே நம்மை அறிந்தவர் என்கிறது சங்கீதம் 139. யோவான் சுவிசேஷம் 1-ஆம் அதிகாரத்தில் நாத்தான்வேலைப் பாருங்கள், இயேசுவின் ஊரான நாசரேத்திலிருந்து நல்லது எதுவும் வருமா என்று சந்தேகப்பட்டவன்தான் அவன், ஆனால் இயேசுவின் சீடன் பிலிப்பு கூப்பிடுவதற்கு முன்பே, அத்திமரத்தின் கீழ் இருந்தபோதே இயேசு அவனைப் பார்த்திருந்தார், அங்கே அவன் ஜெபித்தானா அழுதானா என்று நமக்கு எழுதப்படவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது, அது போதும் அவனுக்கு, உடனே நீர் தேவனுடைய குமாரன் என்று சொல்லிவிட்டான். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

வளர்வதற்கு நேரம் கொடுக்கத்தான் வேண்டும். சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் மாற்கு சுவிசேஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படியுங்கள், அப்புறம் மனதில் இருப்பதை, கோபம் உட்பட, அப்படியே அவரிடம் பேசுங்கள். தனியாக இருந்துவிடாதீர்கள்: வார நாளில் கூடும் வீட்டு ஜெபக்குழுவோ, கத்தோலிக்கர் என்றால் அன்பியமோ (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் சிறு குழு) பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். நைட் ஷிப்ட் முடிந்த களைப்பில் ஜெபம் பாதியில் நின்றுபோனால் அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம்.