கடல் மீனின் தோலில் புண் வருவது எந்தக் கிருமியால்? தொட்டால் நமக்கும் வருமா?

எல்லாப் புண்ணுக்கும் ஒரே கிருமி காரணமில்லை. விப்ரியோ என்ற பாக்டீரியா வகைகள்மேல்தான் முதலில் சந்தேகம் போகும், ஆனால் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் 1997-இல் கோடுபோட்ட பாஸ் மீன்களுக்கு வந்தது வேறு. செதில் உதிர்ந்து தோல் சிவந்து சொரசொரப்பாகி, அங்கங்கே பழுப்பு நிறம் தட்டியிருக்கும்; அறுத்தால் மண்ணீரலில் வெளிறிய சின்னச் சின்ன முடிச்சுகள்.

காசநோய்க் கிருமிக்கு உறவான மைகோபாக்டீரியம்தான் அங்கே காரணம். அந்த மீன்களிலிருந்து பிரித்தெடுத்த ஒன்றுக்கு 2003-இல் மைகோபாக்டீரியம் ஷாட்சி என்று பெயர் வைத்தார்கள்.

சரி, நமக்கு? இதே குடும்பத்து மைகோபாக்டீரியம் மரினம் கைக்கீறல் வழியாக மனிதருக்குள் போகும், வாரக்கணக்கில் கழித்துத்தான் கட்டி தெரியும். கையில் காயம் இருந்தால் உறை போட்டுக்கொண்டு மீனைத் தொடுங்கள், அப்புறம் சோப்பு போட்டுக் கழுவுங்கள். ஆறாத புண்ணோடு டாக்டரிடம் போனால் மீன் தொட்டதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வழக்கமான மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்தே மாதங்கள் ஓடிவிடக்கூடும்.