கார்பன்-14 தேதியும் கடல்மீன் தின்றவர் எலும்பும்: கேள்வி பதில்

கார்பன்-14 காலக்கணிப்பைப் பற்றி, அதிலும் கடலும் ஆறும் அதில் உண்டாக்கும் பிழையைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: உயிரோடிருந்த நத்தையின் ஓட்டைச் சோதித்தபோது 27,000 ஆண்டு பழையது என்று வந்ததாமே? பிறகு இந்த முறையை எப்படி நம்புவது?

அந்த முடிவு உண்மைதான். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து ஊற்றுகளில் வாழும் நத்தைகளைப் பற்றி 1984இல் வெளிவந்த ஆய்வு அது. ஏன் அப்படி வருகிறது என்ற விளக்கமும் அதே ஆய்வில் இருக்கிறது. எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு விளக்கத்தை விட்டுவிடுகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களால் வளிமண்டலத்தில் நியூட்ரான்கள் உண்டாகின்றன. அவை நைட்ரஜனில் மோதும்போது கதிரியக்கம் கொண்ட கார்பன் வகையான கார்பன்-14 பிறக்கிறது. அது கார்பன் டை ஆக்சைடாகிச் செடிக்குள் போகிறது, செடியைத் தின்னும் விலங்குக்குள்ளும் போகிறது. உயிர் போனதும் வரத்து நின்றுவிடும். உள்ளே இருப்பது 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வரும். இதை வைத்து வயதைக் கணக்கிடும் முறையை வில்லார்ட் லிபி 1940களின் கடைசியில் உருவாக்கினார். 1960இல் அதற்காக வேதியியல் நோபல் பரிசும் பெற்றார்.

இந்தக் கணக்கு செல்லுபடியாக வேண்டுமென்றால், அந்த உயிர் தன் கார்பனைக் காற்றிலிருந்து பெற்றிருக்க வேண்டும். நேராகவும் பெறலாம், உணவு வழியாகவும் பெறலாம். நெவாடா நத்தை அப்படிப் பெறவில்லை. அது வாழும் ஊற்று நீர், நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறைகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. அந்தப் பாறைகளில் கார்பன்-14 அழிந்துபோய் யுகங்களாகிவிட்டன. அந்தத் தண்ணீரிலிருந்து கட்டிய ஓட்டில், இன்றைய அளவில் சுமார் 3.3 சதவீதம்தான் இருந்தது. கருவி சரியாகத்தான் அளந்தது. நத்தை புதியது, அதன் ஓட்டிலிருந்த கார்பன் பழையது.

கேள்வி: கடலிலும் இதே கதைதானா?

விளைவு ஒன்று, காரணம் வேறு. ஆழ்கடல் நீர் பல நூறு ஆண்டுகள் காற்றைத் தொடாமல் கிடக்கும். அதிலிருக்கும் கார்பன்-14 அந்தக் காலம் முழுக்கச் சிதைந்துகொண்டே இருக்கும். பிறகு அந்த நீர் மேலே வந்து மேற்பரப்பு நீரோடு கலக்கிறது. அதனால் கடலின் மேற்பரப்பில் கார்பன்-14 அளவு காற்றைவிடச் சுமார் 5 சதவீதம் குறைவு. ஆண்டுக் கணக்கில் அது ஏறக்குறைய 400. நேற்று பிடித்த மீனையும் சிப்பியையும் சோதித்தால் (அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் சேர்த்த கூடுதல் கார்பன்-14ஐ ஒதுக்கிவிட்டுப் பார்த்தால்) 400 ஆண்டு மூத்ததாகத் தெரியும். இதைத்தான் ரிசர்வாயர் விளைவு, தமிழில் தேக்க விளைவு, என்கிறோம்.

கேள்வி: சரி, அப்படியென்றால் சிப்பித் தேதியில் 400ஐக் கழித்துவிட்டால் முடிந்ததே?

போதாது. 400 என்பது உலகச் சராசரி. ஆழ்நீர் மேலெழும் கரைகளில் விலகல் அதிகம். அண்டார்டிகாவைச் சுற்றி ஆயிரம் ஆண்டைத் தாண்டுகிறது. அதனால் ஒவ்வொரு கடற்பகுதிக்கும் 'டெல்டா ஆர்' என்று ஒரு உள்ளூர்த் திருத்தம் உண்டு. 1950க்கு முன்பு உயிரோடு சேகரித்து, தேதி குறித்து அருங்காட்சியகத்தில் வைத்த சிப்பிகளிலிருந்து அதைக் கணக்கிடுகிறார்கள். அகழாய்வில் ஒரே அடுக்கில் சிப்பியும் கரித்துண்டும் சேர்ந்து கிடைத்தாலும் ஒப்பிடலாம். கடல் மாதிரிகளுக்கென்று 'மரைன்20' என்ற அளவுத்திருத்த வளைகோடு (அளந்த கார்பன் வயதை நாட்காட்டி ஆண்டாக மாற்ற உதவும் வரைகோடு) இருக்கிறது. தரை மாதிரிகளுக்கான 'இன்ட்கால்20'ஐச் சிப்பிக்குப் போட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

கேள்வி: மனித எலும்பில் இது எப்படி நுழைகிறது? நாம் தரையில்தானே வாழ்கிறோம்?

தட்டில் இருந்த மீன் வழியாக. எலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தைத்தான் சோதிக்கிறோம். ஒருவர் உண்ட புரதத்தில் பாதி கடலிலிருந்து வந்தது என்றால், அவர் எலும்பு சுமார் 200 ஆண்டு மூத்ததாகத் தெரியும்.

இங்கிலாந்தின் ரெப்டன் இதற்கு நல்ல உதாரணம். ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங் பெரும்படை 873–874 குளிர்காலத்தில் அங்கே தங்கியது. 1980களில் அங்கே தோண்டியபோது ஒரு மேட்டுக்குள் குறைந்தது 264 பேரின் எலும்புகள் குவிந்து கிடந்தன. கூடவே 872–875 காலத்து நாணயங்கள். ஆனால் முன்பு எடுத்த கார்பன் தேதிகளில் சில 7, 8ஆம் நூற்றாண்டுக்குப் போயின. அதனால் இது பல காலத்து எலும்புகளின் கலவை என்று கருதப்பட்டது. 2018இல் மீன் உணவின் பங்கைச் சேர்த்துத் திருத்திக் கணக்கிட்டபோது, எல்லாத் தேதிகளும் 9ஆம் நூற்றாண்டோடு பொருந்தின. ஒரு பெரும் கல்லறையின் வரலாறே சாப்பாட்டுக் கணக்கில் சிக்கிக் கிடந்திருக்கிறது!

கேள்வி: செத்துப்போனவர் என்ன சாப்பிட்டார் என்று எப்படித் தெரியும்?

அதே கொலாஜனிலேயே கார்பன்-13, நைட்ரஜன்-15 என்ற சிதையாத வகைகள் அந்தந்தத் தனிமத்தில் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று பார்ப்பார்கள். ஐரோப்பா போன்ற இடங்களில் முழுக்கத் தரை உணவு என்றால் கார்பன்-13 மதிப்பு (ஒரு பொதுத் தரநிலையைவிட ஆயிரத்துக்கு எவ்வளவு கூடுதல் அல்லது குறைவு என்ற எண்) −20க்கு அருகில் இருக்கும். முழுக்கக் கடல் உணவு என்றால் −12க்கு அருகில். கிரீன்லாந்தில் குடியேறிய நார்ஸ் (ஸ்காண்டிநேவிய) மக்களின் எலும்புகளில், கடலுணவின் பங்கு தொடக்கத்தில் சுமார் 20 சதவீதமாக இருந்து கடைசிக் காலத்தில் 80 வரை ஏறியது தெரிகிறது. திருத்தத்துக்காகத் தேடிய தகவல் ஒரு சமூகத்தின் உணவுப் பழக்கம் மாறியதையே காட்டிக் கொடுத்துவிட்டது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

மக்காச்சோளம், சிறுதானியம் சாப்பிட்டவர்களிடம் கவனம் தேவை. அந்தப் பயிர்களும் கார்பன்-13ஐ உயர்த்தும், ஆனால் அவற்றில் தேக்க விளைவு கிடையாது. அங்கே நைட்ரஜன்தான் கைகொடுக்கும்: கடல்மீன் நைட்ரஜன்-15ஐயும் உயர்த்தும், இந்தப் பயிர்கள் அப்படி உயர்த்தாது.

கேள்வி: ஆற்று மீனுக்கும் திருத்தம் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும், அதுதான் இன்னும் கஷ்டம். கடலுக்காவது ஒரு சராசரி உண்டு; ஆற்றுக்கு ஆறு, ஏரிக்கு ஏரி மாறும். டான்யூப் நதியின் 'இரும்புக் கதவு' பள்ளத்தாக்கில், ஷேலா க்ளதோவேய் என்ற கற்கால இடத்தில் எலும்புக்கூடுகளோடு விலங்கு எலும்பில் செய்த அம்புமுனைகளும் கிடைத்தன. இரண்டுக்கும் தேதி பார்த்தால் மனித எலும்பு பல நூறு ஆண்டு மூத்ததாக வந்தது. ஒருவரைத் தைத்த அம்பு அவர் இறந்து பல நூறு ஆண்டு கழித்துச் செய்யப்பட்டிருக்க முடியாது அல்லவா? அந்த இடைவெளியே அங்கே திருத்தத்தின் அளவுகோலானது.

பானையின் உட்புறம் கருகி ஒட்டிய உணவுக்கும் இதே எச்சரிக்கை. வட ஜெர்மனி, டென்மார்க் பகுதிகளில் ஆற்று மீன் சமைத்த பானைகள் உண்மை வயதைவிட மூத்தவையாகத் தெரிந்திருக்கின்றன. 'இங்கேதான் முதலில் பானை செய்தார்கள்' என்று யாராவது சொன்னால், தேதி எதிலிருந்து எடுத்தது என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: அப்போது ஆய்வகத்துக்கு எதை அனுப்பலாம்?

ஓராண்டில் விளைந்து முடிந்தது எதுவும் சிறப்பு: தானிய மணி, விதை, சிறு சுள்ளி. புல் மேயும் விலங்கின் எலும்பும் நல்லது. பெரிய மரத்தின் கரி என்றால் யோசியுங்கள். மரத்தின் நடு வளையங்கள் மரம் வெட்டப்படுவதற்குப் பல நூறு ஆண்டு முன்பே கார்பன் வாங்குவதை நிறுத்தியிருக்கும். மனித எலும்பை அனுப்பியே ஆகவேண்டுமென்றால், அதே குழியிலிருந்து ஒரு தாவரத் துண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

கேள்வி: எவ்வளவு முயன்றாலும் 'கிமு 750–400' என்று அகலமாகத்தான் தேதி வருகிறது. ஆய்வகத்தின் தவறா?

இல்லை. கிமு 800 முதல் 400 வரை அளவுத்திருத்த வளைகோடு ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கிறது. அந்த நானூறு ஆண்டில் எந்த ஆண்டு மாதிரிக்கும் ஏறக்குறைய ஒரே கார்பன் வயதுதான் வரும். இதை ஹால்ஸ்டாட் தட்டைப்பகுதி என்பார்கள். அந்தக் காலத்துக்கு ஒரே ஒரு மாதிரியை நம்பாமல், அடுக்கு வரிசைப்படி பல மாதிரிகள் எடுத்துச் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கேள்வி: சரியாக இந்த ஆண்டுதான் என்று சொல்லவே முடியாதா?

சில சமயம் முடியும். கிபி 774–775, 993 ஆண்டுகளையொட்டிக் கார்பன்-14 திடீரென உயர்ந்தது உலகெங்கும் மர வளையங்களில் பதிவாகியிருக்கிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், லான்ஸ் ஓ மெடோஸ் என்ற வைக்கிங் குடியிருப்பில் உலோகக் கருவியால் வெட்டிய மரத்துண்டுகள் இருந்தன. 993இன் உயர்வு பதிந்த வளையத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பட்டை வரை எண்ணினார்கள். மரங்கள் வெட்டப்பட்டது 1021இல் என்று 2021இல் அறிவித்தார்கள்.