பிளஸ் ஒன்னில் நான்காவது பாடம் எது?

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கணிதத்தில் 64 மதிப்பெண். அரசுக் கல்லூரியில் பி.காம். படித்துவிட்டு சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) ஆக வேண்டும் என்கிறாள். பிளஸ் ஒன்னில் வணிகக் கணிதம் எடுப்பதா, கணினிப் பயன்பாடுகள் எடுப்பதா? பி.காமுக்குப் பதில் பி.பி.ஏ. சேர்க்கலாமா?

பதில்: வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் ஆகிய மூன்றும் உங்கள் மகள் எந்தப் பிரிவை எடுத்தாலும் இருக்கும். நான்காவது பாடம்தான் மாறும். ஒப்புக்கு ஒரு பாடம் என்று பெற்றோர் பலர் அதைப் பள்ளியின் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறார்கள். சி.ஏ. கனவு இருக்கிற பிள்ளைக்கு அப்படி விடக் கூடாது. வணிகக் கணிதமும் புள்ளியியலும் உள்ள பிரிவையே கேட்டு வாங்குங்கள்.

சி.ஏ.வின் முதல் கட்டமான ஃபவுண்டேஷனில் நான்கு தாள்கள். கணக்கியல், வணிகச் சட்டம், பொருளியல் போக மீதமுள்ள 100 மதிப்பெண் தாள் முழுக்கக் கணிதம், தர்க்கம், புள்ளியியல்தான். ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். கணிதத் தாளில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பும் உண்டு. மாதாமாதம் ஒரே தொகையைக் கட்டி வந்தால் ஐந்தாண்டு முடிவில் வட்டியோடு எவ்வளவு சேரும், விளம்பரச் செலவுக்கும் விற்பனைக்கும் எவ்வளவு ஒட்டுறவு என்பது போன்ற கணக்குகள் அதில் வரும். இவற்றின் அடிப்படை பிளஸ் ஒன் வணிகக் கணிதப் புத்தகத்தில் நிதியியல் கணிதம், ஒட்டுறவு ஆகிய பாடங்களிலேயே இருக்கிறது. பள்ளியில் இரண்டு ஆண்டு நிதானமாகப் படிக்கக் கிடைப்பதை, பிறகு பயிற்சி மையத்தில் பணம் கட்டிச் சில மாதங்களில் விழுங்குவானேன்?

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் பி.காம். தரவரிசைக்குத் தமிழ், ஆங்கிலம் நீங்கலாக மற்ற நான்கு பாடங்களின் மதிப்பெண்ணை 400க்குக் கூட்டுகிறார்கள். கணினிப் பயன்பாடுகளில் 95 எடுக்கக்கூடிய பிள்ளை வணிகக் கணிதத்தில் 75 எடுத்தால், அந்த 20 மதிப்பெண் அவளைப் பட்டியலில் வெகுதூரம் கீழே தள்ளிவிடும். பி.காமுக்குப் போட்டி அதிகம். ஆனாலும் என் கருத்து மாறவில்லை. கணிதத்துக்குப் பயந்து ஒதுங்கினாலும், பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் பி.காம். பாடத்திட்டத்தில் வணிகக் கணிதமோ புள்ளியியலோ சார்புப் பாடமாகத் திரும்பவும் வரும். 64 எடுத்திருக்கும் பிள்ளை தினமும் ஒரு மணி நேரம் கணக்குப் போட்டுப் பழகினால் தேறிவிடுவாள். கணக்குப்பதிவியலில் முழு மதிப்பெண்ணுக்குக் குறிவைத்தால் இழப்பை ஓரளவு ஈடுகட்டவும் முடியும். ஒரே கல்லூரியை நம்பாமல் பக்கத்து ஊர்க் கல்லூரிகளுக்கும், அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கும் விண்ணப்பியுங்கள்.

கணிதம் அவளுக்கு உண்மையிலேயே வேதனை என்றால் வற்புறுத்த வேண்டாம். சி.ஏ.வுக்கு இன்னொரு வழி இருக்கிறது. வணிகவியல் பட்டதாரிகள் 55 சதவீதம் எடுத்திருந்தால் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இரண்டாம் கட்டமான இன்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்யலாம். அந்த வழியில் போவதானால் பட்டப்படிப்பின் ஆறு செமஸ்டர்களிலும் மதிப்பெண் முக்கியம். முதல் ஆண்டில் அலட்சியமாக இருந்துவிட்டு மூன்றாம் ஆண்டில் பிடித்துவிடலாம் என்ற கணக்கு பலருக்குப் பொய்த்துப்போகிறது. நிறுவனக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல், வருமான வரி ஆகியவற்றைத் தேர்வுக்காக மட்டும் படிக்காமல் ஊன்றிப் படிக்கட்டும். இன்டர்மீடியட்டில் இதே பாடங்கள் இன்னும் ஆழமாக வரும்.

அவள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருந்து, பிளஸ் டூவையும் அங்கேயே முடித்தால், கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள்.

பி.பி.ஏ.வைத் தரம் குறைந்ததாக நான் நினைக்கவில்லை. விற்பனை, மனிதவளம், சொந்தத் தொழில், பிறகு எம்.பி.ஏ. என்று போகிறவர்களுக்கு அது ஏற்றது. ஆனால் கணக்கியலும் வரியும் பி.காமில் இருக்கும் அளவுக்கு அதில் இருக்காது. எனவே சி.ஏ. என்றால் பி.காம்தான். மனம் மாறி பி.பி.ஏ. சேர்ப்பதானால், 2024-25 முதல் அந்தப் படிப்பு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) வரம்புக்குள் வந்திருப்பதால், கல்லூரி அந்த அங்கீகாரத்தைப் பெற்றிருக்கிறதா என்று கேட்ட பிறகே கட்டணம் செலுத்துங்கள்.