மனசு ஒடிந்ததா, மூளை அடிபட்டதா?

கேள்வி: பக்கவாதம் வந்த பிறகு எங்கள் அப்பத்தா காரணமே இல்லாமல் சட்டென்று அழுகிறார். மூளை பாதிப்பு என்கிறார் டாக்டர். "மனசு ஒடிஞ்சு போச்சு, மூளைக்கு என்ன?" என்கிறார்கள் வீட்டில். இரண்டும் வேறுதானே?
– வாசகி, தேவகோட்டை

பதில்: வேறு என்று தோன்றுவது இயல்பு, ஆனால் மனசும் மூளையின் வேலைதான். மூளை வேலை செய்வது நமக்குத் தெரிவதே இல்லை. அதன் திசுவில் வலி உணரும் நரம்பு கிடையாது. நோயாளி விழித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே அதில் அறுவை செய்கிறார்கள். துக்கத்தில் படபடப்பதும் அடைப்பதும் நெஞ்சுதான். அதனால் நெஞ்சைத் தொட்டு 'மனசு' என்கிறோம். உடல் போனாலும் மனசு தனியே இருக்கும் என்ற எண்ணம் சிறுவர்களிடமும் உண்டு: 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், பொம்மலாட்டத்தில் முதலை தின்ற எலிக்கு இனிப் பசிக்காது என்ற சிறுவர்களே, அதற்கு அம்மா மேல் பாசம் இன்னும் இருக்கும் என்றார்கள்.

அப்பத்தா விஷயத்துக்கு வருவோம். அழுகையை அடக்கும் மூளைப் பாதை அறுபட்டால், துக்கமே இல்லாமலும் கண்ணீர் கொட்டும். சில நொடிகளோ நிமிடங்களோ வந்து, வந்த வேகத்தில் நின்றுவிடும். அப்போது "ஏன் அழுகிறீங்க?" என்று துருவாதீர்கள், பேச்சை மாற்றுங்கள், மூச்சை மெல்ல இழுத்துவிடச் சொல்லுங்கள். மாறாக, சோர்வு இரண்டு வாரம் விடாமல் நீடித்து, சாப்பாடும் தூக்கமும் கெட்டு, பேரப்பிள்ளைகளைக்கூடத் திரும்பிப் பார்க்காவிட்டால் அது மனச்சோர்வு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. வயதாகிவிட்டது என்று விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. இரண்டுக்கும் மாத்திரை உண்டு. அழுகை எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று ஒரு வாரம் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள்.