நிழல் விழாத கோபுரமும் அறுந்த கயிறும்

அன்புள்ள ஐயா,

நாலு பேர் கூடும் இடத்தில் ஏதாவது அதிசயத் தகவல் சொல்வது என் வழக்கம். சமீபத்தில் ஒரு நிச்சயதார்த்தத்தில், தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்றேன். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், “அந்த நிழலில் உட்கார்ந்துதான் புளியோதரை சாப்பிட்டோம் மாமா” என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இனி இப்படிச் சொல்வதையே விட்டுவிடலாமா?

கா., திருச்சி

அன்புள்ள கா.,

விட்டுவிடாதீர்கள். பேச்சில் ஒரு நல்ல தகவலைக் கொண்டுவந்து போடுகிறவர் இல்லாவிட்டால் நம் விசேஷ வீடுகளில் நகை விலையும் சர்க்கரை அளவும்தான் மிஞ்சும்.

அந்தப் பெண் சொன்னது சரி. சாயங்காலம் போனால் நிழல் நீளமாகக் கிடப்பதை யாரும் பார்க்கலாம். நிழல் கதையில் எனக்குள்ள குறை, பொய் என்பது மட்டுமல்ல. கேட்டவர் “அப்படியா!” என்பார், அதோடு பேச்சு முடிந்துவிடும். “எப்படி?”, “அப்புறம்?” என்று கேட்க வைப்பதுதான் நல்ல தகவல்.

அதே கோயிலில் அப்படி ஒன்று நடந்திருக்கிறது. 1802இல் சென்னை பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளத்தைச் சங்கிலியால் 57 நாட்கள் அளந்து, அதை அடிக்கோடாக வைத்து, வில்லியம் லாம்டன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி தென்னிந்தியா முழுக்க முக்கோணம் முக்கோணமாக அளக்கத் தொடங்கினார். பூமியின் வளைவைக் கணக்கிடுவதும் அவருடைய நோக்கம். கோணம் அளக்கும் அவருடைய தியோடலைட் கருவி அரை டன் எடை. லண்டனிலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு அதைப் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆனாலும் இது அறிவியலுக்கான கருவி என்று தெரிந்ததும் சென்னைக்கே அனுப்பிவைத்தார்கள். எதிரிக்குக் காட்டிய இந்த மரியாதை, எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

சரி, தஞ்சாவூருக்கு வருவோம். காவிரிப் படுகையில் குன்று கிடையாது, எங்கும் தென்னந்தோப்பு. தூரத்துப் புள்ளியைப் பார்க்க உயரம் வேண்டும், இருக்கிற உயரமெல்லாம் கோயில் கோபுரங்கள்தான். 1808இல் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, கோணம் குறித்திருந்த வட்டம் கோணிப்போயிற்று. இன்னொன்று வரவழைக்க வேண்டுமானால் லண்டனுக்குத்தான் எழுத வேண்டும். லாம்டன் கைவினைஞர்களோடு ஒதுங்கி உட்கார்ந்து, ஏறக்குறைய ஆறு வாரம் அந்த வட்டத்தை மயிரிழை மயிரிழையாக இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அதே கருவியோடு வேலையும் தொடர்ந்தது.

இதைச் சொல்லும்போது ஆண்டில் ஆரம்பிக்காதீர்கள், கயிறு அறுந்த இடத்தில் ஆரம்பியுங்கள். கோபுரத்தில் எதற்கு ஏற்றினார்கள் என்று யாராவது கேட்பார்கள், அப்போது தென்னந்தோப்பைச் சொல்லுங்கள். கருவி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மொரீஷியஸ் இருக்கிறது. கடைசியில் இந்த அளவையால் என்ன பயன் என்று கேட்பவரும் ஒருவர் இருப்பார். லாம்டன் 1823இல் வேலையின் நடுவிலேயே இறந்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் ஜார்ஜ் எவரெஸ்ட். பரங்கிமலையில் தொடங்கிய அந்த வேலை வடக்கே இமயமலை வரை நீண்டு, 1856இல் உலகின் மிக உயர்ந்த சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று அறிவிக்கப்பட்டது. சிகரத்துக்கு யாருடைய பெயரை வைத்தார்கள் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.