பி.எஸ்சி. கணிதம் படிக்கிற பெண் கம்ப்யூட்டர் ஆராய்ச்சிக்குப் போக முடியுமா?

அம்மா, நேற்று போனில் உங்களுக்கு முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கவுன்சலிங்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லை, மகளைப் பி.எஸ்சி. கணிதத்தில் சேர்த்துவிட்டோம், இப்போது இரண்டாம் வருடத்தில் வந்து "கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்யணும்" என்கிறாள், நகையை வைத்தாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் பி.இ. முதல் வருடத்திலிருந்து சேர்த்துவிடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

இந்த மாதிரி ஆய்வகங்களில் பெயர் வாங்கியவர்கள் என்ன படித்துவிட்டு அங்கே போனார்கள் என்று பார்த்தாலே உங்கள் பயத்தில் பாதி போய்விடும். பிரான்சிஸ் ஆலன் என்று ஒரு அம்மையார், நியூயார்க் மாநிலத்தில் விவசாயக் குடும்பத்துப் பெண். 1954-ல் கணிதத்தில் பட்டம் வாங்கி, சொந்த ஊர்ப் பள்ளியிலேயே கணக்கு டீச்சராக இருந்தார். அப்புறம் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்ததில் கல்விக் கடன் ஏறிவிட்டது. அதை அடைத்துவிட்டுத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கே போய்விடலாம் என்று நினைத்துத்தான் 1957-ல் ஐபிஎம்-மில் சேர்ந்தார். அங்கே கொடுத்த முதல் வேலையும் பாடம் நடத்துவதுதான், அப்போது புதிதாக வந்திருந்த ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியை ஐபிஎம் விஞ்ஞானிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. சொல்லிக்கொடுக்க வேண்டுமே என்று நாம் எழுதுகிற நிரலைக் கணினிக்குப் புரிகிற மொழிக்கு மாற்றுகிற கம்பைலர் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று தோண்டிப் படித்தார், அதுவே வாழ்நாள் வேலையாகிவிட்டது. 45 வருடம் அங்கேயே இருந்தார். கணினித் துறையின் மிகப் பெரிய விருதான டூரிங் விருதை 2006-ல் வாங்கிய முதல் பெண் அவர். கடைசி வரை முனைவர் பட்டம் கிடையாது.

லெஸ்லி லாம்போர்ட் இளங்கலையிலிருந்து முனைவர் பட்டம் வரை கணிதம்தான். கணிதக்காரர்கள் கட்டுரை அடிக்கிற லேடெக் மென்பொருளை எழுதியவர், மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் இருந்தபோது 2013-க்கான டூரிங் விருது வாங்கினார். ஜெராக்ஸ் ஆய்வகத்தில் இருந்த ஆலன் கே இளங்கலையில் படித்தது கணிதமும் மூலக்கூறு உயிரியலும். கூகுளின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகமான டீப்மைண்டின் ஜான் ஜம்பர் இயற்பியலில் தொடங்கி வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், 2024-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். நமக்குப் பக்கத்தில் பார்த்தால், பெங்களூரில் 2005-ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைத் தொடங்கி நடத்திய பி. அனந்தன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தது எலெக்ட்ரிக்கல்.

சரி, இதைப் படித்துவிட்டு "அப்போ எதைப் படித்தாலும் போகலாம்" என்று எடுத்துக்கொண்டால் தப்பாகிவிடும். இளங்கலையில் எந்தப் பாடம் என்பது பெரிய தடை இல்லை என்றுதான் சொல்கிறேன். பிஎச்.டி. வேறு விஷயம். யூனிக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை எழுதிய கென் தாம்சன் முதுகலையோடு பெல் ஆய்வகத்துக்குப் போனார், ஜெராக்ஸ் ஆய்வகத்தின் ஆல்ட்டோ கணினியை வடிவமைத்த சக் தாக்கர் வெறும் இயற்பியல் பட்டதாரி, ஆனால் அவர்கள் படித்து முடித்தபோது கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற துறையே பல பல்கலைக்கழகங்களில் இல்லை. இன்றைக்கு 'ரிசர்ச் சயின்டிஸ்ட்' பதவிக்கு அநேகமாக எல்லா இடத்திலும் பிஎச்.டி. கேட்கிறார்கள். விதிவிலக்குகள் இப்போதும் உண்டு, அதை நம்பி ஒரு பெண்ணின் பத்து வருடத்தைத் திட்டம் போட நான் சொல்ல மாட்டேன். 'ரிசர்ச் இன்ஜினியர்' என்று இன்னொரு பதவி இருக்கிறது, யோசனையை ஓடுகிற நிரலாக மாற்றிச் சோதித்துப் பார்க்கிற வேலை, அதற்கு நல்ல முதுகலை போதும் என்கிற இடங்கள் இருக்கின்றன. பிஎச்.டி.க்கு முன்னால் ஒன்றிரண்டு வருடம் ஆய்வகத்திலேயே கூட இருந்து கற்றுக்கொள்கிற ஃபெல்லோஷிப்களை பெங்களூரில் மைக்ரோசாஃப்டும் கூகுளும் நடத்தியிருக்கின்றன. இந்தப் பக்கமும் ஒரு கண் வைக்கலாம்.

அவள் இப்போது செய்ய வேண்டியது பி.எஸ்சி.யை நன்றாக முடிப்பது. லீனியர் அல்ஜீப்ரா, நிகழ்தகவு, கிராஃப் தியரி இந்த மூன்றையும் தேர்வுக்காக இல்லாமல் ஆழமாகப் படிக்கட்டும், கூடவே பைத்தானும், அல்காரிதம், ஆப்பரேட்டிங் சிஸ்டம் மாதிரி அடிப்படைப் பாடங்களும் ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்துகிற என்பிடெல் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. சிறுசேரியில் இருக்கிற சென்னை கணிதவியல் கழகத்தில் எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸுக்குக் கணிதப் பட்டதாரிகளும் நுழைவுத் தேர்வு எழுதலாம், கம்ப்யூட்டர் அடிப்படை பலமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வான ஜாம் எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. கணிதம், அங்கிருந்து எம்.டெக்., பிஎச்.டி.க்கான கேட் தேர்வு எழுதி கம்ப்யூட்டர் பக்கம் வரலாம், கொஞ்சம் சுற்றுவழி.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காசு கொடுத்து ப்ராஜெக்ட் வாங்குவது, பணம் கட்டினால் போடுகிற ஜர்னலில் பேப்பர் போடுவது, இந்த இரண்டு பக்கமும் அவள் போகவே கூடாது. கம்ப்யூட்டர் துறையில் ஜர்னலைவிட நியூரிப்ஸ், ஏசிஎல் மாதிரி மாநாடுகளுக்குத்தான் மதிப்பு, காசு கட்டிப் போட்ட பேப்பர் தேர்வு செய்கிறவர்களுக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். என்னிடம் வந்த ஒரு பையன் அப்படி மூன்று பேப்பர் வைத்திருந்தான், நேர்முகத்தில் முதல் கேள்வியே அதிலிருந்துதான் வந்தது, அவனால் ஒரு வரி விளக்க முடியவில்லை. அதற்குப் பதிலாக, தன் வேலையை நேரில் பார்த்து நாலு வரி உண்மையாக எழுதித் தரக்கூடிய ஆசிரியர் ஒருவரை அவள் சம்பாதித்துக்கொள்ளட்டும். அறிவியல் அகாடமிகள் நடத்துகிற கோடைகால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிப்பது அதற்கு நல்ல வழி.

பணம், வயசு இரண்டையும் மறைக்காமல் சொல்கிறேன். முதுகலை இரண்டு வருடம், பிஎச்.டி. ஐந்து வருடம் என்று வைத்தால் பெரிய சம்பளம் வரும்போது அவளுக்கு 28 வயதாவது ஆகியிருக்கும். பிஎச்.டி.க்கு நீங்கள் செலவழிக்க வேண்டியிருக்காது, இங்கே கேட் அல்லது நெட் தேர்வுத் தகுதியோடு சேர்ந்தால் மாத உதவித்தொகை உண்டு, அமெரிக்காவிலும் பெரும்பாலும் கட்டணத் தள்ளுபடியும் செலவுக்குப் பணமும் தருகிறார்கள். கல்யாணப் பேச்சு நடுவில் வரும், அதையும் இப்போதே அவளிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள், பாதியில் படிப்பை நிறுத்துகிற பெண்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஆய்வக வேலை அரசு வேலை மாதிரி நிரந்தரமும் கிடையாது. 2014-ல் சிலிக்கான் வேலியில் இருந்த தன் ஆய்வகத்தை மைக்ரோசாஃப்ட் மூடியது. அங்கிருந்த பலருக்குப் பல்கலைக்கழகங்களும் மற்ற நிறுவனங்களும் இடம் கொடுத்தன, ஏனென்றால் கையில் அவர்கள் செய்த வேலை இருந்தது.

வருகிற ஞாயிறு அவளையே எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்கள். இதுவரை எழுதிய நிரல் எதுவாக இருந்தாலும், ஓடாத நிரலாக இருந்தாலும் பரவாயில்லை, முந்தின நாளே அனுப்பி வைக்கட்டும்.