அலுவலகமே இல்லாத சட்ட நிறுவனம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அவரவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒரு சட்ட நிறுவனத்தில் தொழில்நுட்பத்தைக் கவனித்துக்கொள்கிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: மூன்று வழக்கறிஞர்கள் சேர்ந்து ஆன்லைனிலேயே நிறுவனம் தொடங்குகிறோம். முதலில் நல்ல வீடியோ கால் வசதி வாங்கலாமா?

பதில்: வீடியோ காலுக்கு என்ன அவசரம்? முதலில் கேஸ் கட்டுக்கு ஒரே இடம் வேண்டும். ஆவணங்கள், கடிதங்கள், பேசியதன் குறிப்பு, செலவான நேரம், அடுத்த விசாரணைத் தேதி எல்லாம் கிளவுடில் ஒரே கட்டில் இருக்கட்டும். விசாரணைக்கு முந்தைய நாள் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் இன்னொருவர் அந்தக் கட்டைத் திறந்து வேலையைத் தொடர முடியவேண்டும். ஆளாளுக்குத் தங்கள் லேப்டாப்பில் ஒரு பிரதி வைத்திருந்தால் எது கடைசி வரைவு என்றே தெரியாது. யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவும் மென்பொருளில் இருக்கவேண்டும். அப்புறம், புதிய கட்சிக்காரரை ஏற்கும் முன் எதிர்த்தரப்பின் பெயரை மூவரின் கட்டுகளிலும் தேடிப் பாருங்கள். உங்கள் மூவரில் ஒருவருக்கு அவர் ஏற்கெனவே கட்சிக்காரராக இருக்கலாம். ஒரே அறையில் இருந்தால் பேச்சுவாக்கில் தெரிந்துவிடும். தனித்தனியாக இருக்கும்போது தேடினால்தான் தெரியும்.

கேள்வி: கட்சிக்காரர்கள் வாட்ஸ்அப்பில்தான் ஆவணம் அனுப்புகிறார்கள். அதில்தான் குறியாக்கம் இருக்கிறதே, போதாதா?

பதில்: வழியில் யாரும் படிக்க முடியாது என்பது சரிதான். ஆனால் வந்து சேர்ந்த படம் உங்கள் போன் கேலரியில் குடும்பப் படங்களோடு கிடக்கும், கேஸ் கட்டில் இருக்காது. கட்சிக்காரர் உள்நுழைந்து நேரடியாகக் கட்டிலேயே பதிவேற்ற ஒரு போர்டல், அதாவது இணையப் பக்கம், வையுங்கள். அப்படியும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். கோபிக்காமல் அன்றே கட்டில் சேர்த்துவிட்டு, போனிலிருந்து அழித்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் ஸ்மார்ட் ஸ்பீக்கர் இருக்கிறது. பரவாயில்லையா?

பதில்: அழைத்தால் பதில் சொல்வதற்காக அதன் மைக் எப்போதும் திறந்தே இருக்கும். வழக்கு பற்றிப் பேசும்போது அணைத்துவிடுங்கள். அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் அலுவலகம் இல்லாமல் தொழில் செய்வது பற்றி 2021-இல் வெளியிட்ட 498-ஆம் நெறிமுறைக் கருத்துரையும் இதையே சொல்கிறது.

கேள்வி: 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று எங்கள் பெயரில் கட்சிக்காரருக்குப் போலி மெயில் போயிருக்கிறது. எப்படித் தடுப்பது?

பதில்: கணக்கு எண்ணை மெயிலில் மாற்றவே மாட்டோம் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் ஏற்கெனவே தெரிந்த எண்ணுக்குத்தான் அவர் போன் செய்யவேண்டும், அந்த மெயிலில் உள்ள எண்ணுக்கு அல்ல. கூடவே, உங்கள் மெயில் பெட்டிக்குள்ளேயே யாராவது நுழைந்திருக்கிறார்களா என்று இன்றே பாருங்கள். இனி உள்நுழைவுக்குப் பாஸ்கீ பயன்படுத்துங்கள். கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்கள் போனிலோ கணினியிலோ இருக்கும் டிஜிட்டல் சாவி அது. எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீட்டை, உங்கள் எண்ணை வேறொரு சிம்முக்கு மாற்றிக்கொள்ளும் சிம் மாற்று மோசடியில் பறித்துவிடலாம். பாஸ்கீ உண்மையான தளத்தில் மட்டுமே வேலை செய்யும்.

கேள்வி: பிடிஎஃப்பில் ரகசிய வரிகள்மேல் கருப்புப் பட்டை போட்டால் போதுமா?

பதில்: போதாது! 2019 ஜனவரியில், டிரம்பின் முன்னாள் பிரசாரக் குழுத் தலைவர் பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் அமெரிக்க நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்தில், பட்டைக்கு அடியில் இருந்த எழுத்துகளை நகலெடுத்து ஒட்டியே படிக்க முடிந்தது. எழுத்தையே நீக்கும் ரிடாக்‌ஷன் கருவியைப் பயன்படுத்துங்கள். அனுப்பும் முன் அந்த இடத்தை நீங்களே நகலெடுத்துப் பாருங்கள். வேர்டு கோப்பு என்றால் பழைய திருத்தங்களும் ஓரக் குறிப்புகளும் ஒளிந்திருக்கும், அவற்றையும் நீக்குங்கள்.

கேள்வி: மின்கையொப்பம் செல்லுமா?

பதில்: பெரும்பாலான ஒப்பந்தங்களுக்குப் பல நாடுகளில் செல்லும். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டுச் சட்டமும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014-ஆம் ஆண்டு விதியும் இருக்கின்றன. உயில் வேறு விஷயம். சாட்சிகள் நேரில் இருக்கவேண்டும் என்று பல இடங்களில் கேட்பார்கள், உள்ளூர்ச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நான் ஜூனியர். தனியாக உட்கார்ந்து வேலை பார்ப்பதால் சீனியரைப் பார்த்துக் கற்கவே முடியவில்லை.

பதில்: இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மென்பொருள் இதை முழுதாகத் தீர்க்காது. கட்சிக்காரர் சம்மதித்தால் சீனியரின் அழைப்புகளில் கேட்பவராக உங்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் வரைவை அவரே திருத்தி அனுப்புவதைவிட, ஓரத்தில் காரணத்தோடு குறிப்பு எழுதச் சொல்லுங்கள். சீனியர்களுக்கும் ஒரு வார்த்தை: தினமும் ஒரு மணி நேரமாவது ஆன்லைனில் ஒரு குரல் அறையை (யாரும் உள்ளே வந்து பேசக்கூடிய அழைப்பை) திறந்து வையுங்கள். நேரம் கேட்டு வாங்காமலே ஜூனியர் உள்ளே வந்து சந்தேகம் கேட்கலாம் என்று இருக்கட்டும்.